சமையல் மேடைக்குக் கல் எடுக்கப் போகும் முன்

மேலூரில் எங்கள் அப்பத்தா வீட்டை இடிப்பதற்கு முந்தின நாள், அடுப்படியில் இருந்த கடப்பா கல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னார் சித்தப்பா. ஏழடி நீளம், இரண்டடி அகலம். 1983-இல் போட்ட கல். இரண்டு செங்கல் சுவர்களின் மேல் கொஞ்சம் சுண்ணாம்புச் சாந்து வைத்து உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கடப்பாரையை ஓரத்தில் விட்டு இரண்டு நெம்பு நெம்பியதும் கல் முழுதாக எழும்பி வந்துவிட்டது. நான்கு பேர் தூக்கி வண்டியில் ஏற்றினோம். இன்று அது மதுரையில் என் வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் கழுவும் மேடையாக இருக்கிறது.

அதே ஆண்டு இன்னொரு வேலை வந்தது. பத்து வயதுகூட ஆகாத அடுக்குமாடி வீடு. புதிதாக வாங்கியவருக்குச் சமையலறை அமைப்பு ஒத்துவரவில்லை. கான்கிரீட் பலகை வார்த்து, அதன்மேல் சிமெண்ட் கலவை கொட்டி, கிரானைட்டைப் பதித்திருந்தார்கள். எவ்வளவு நிதானமாக உளி வைத்தும் கல் பதினொரு துண்டாகத்தான் வந்தது. கீறல்கூட விழாத, பளபளப்புக் குறையாத நல்ல கருப்புக் கல். கட்டட இடிபாடுகளோடு டிராக்டரில் ஏறிப் போனது.

இருபத்திரண்டு ஆண்டுகளாக மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் வீடு, கடை, மெஸ் கட்டும் வேலைகளை மேற்பார்வை பார்க்கிறேன். அந்த டிராக்டர் போன பிறகு மேடைக்குப் பொருள் தேடும் என் வரிசையே தலைகீழாகிவிட்டது. முன்பு கல்லைப் பிடித்துப்போன பிறகு அதை எப்படிப் பதிப்பது என்று யோசிப்பேன். இப்போது எப்படிக் கழற்றுவது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அடுத்ததாக, அதை அறுத்த ஆள் எந்தக் காற்றைச் சுவாசித்தார் என்று கேட்கிறேன். நிறமும் விலையும் அதற்குப் பிறகுதான்.

ஆகவே கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே வெட்டிய கல் எங்காவது கிடக்கிறதா என்று பாருங்கள். உறவுக்காரர் வீடு இடிபடுகிறதா, பழைய கட்டடப் பொருள் விற்கும் கடையில் பலகை இருக்கிறதா என்று விசாரியுங்கள். எந்தக் கிரானைட் கிடங்குக்குப் போனாலும் பின்சுவரை ஒட்டி மூன்றடி, நான்கடித் துண்டுகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். பெரிய வேலைகளில் மீந்தவை. ‘கட் பீஸ்’ என்று கேட்டால் காட்டுவார்கள், விலையும் நன்றாக இறங்கி வரும். கை கழுவும் இடம், ஜன்னல் திண்டு, டீக்கடை முன்பலகை, பில் போடும் மேடை ஆகியவற்றுக்கு இந்தத் துண்டுகளே போதும். பன்னிரண்டடி மேடையைக்கூட ஒரே பலகையிலிருந்து மீந்த மூன்று துண்டுகளால் முடித்திருக்கிறேன். இணைப்பு எங்கே விழுகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். அடுப்புத் துளைக்கும் தொட்டித் துளைக்கும் நேராக வரக்கூடாது. இரண்டுக்கும் இடையே உலர்ந்த பகுதியில், கீழே தாங்கும் பலகைக்கு நேர் மேலே வர வேண்டும்.

பழைய கல்லில் தொட்டித் துளை இருந்தால் வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்தத் துளைக்குத் தகுந்த தொட்டி வாங்குவது எளிது. மங்கிய கிரானைட்டை மறுபடியும் பாலிஷ் போடலாம்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால், நம் சமையலை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். நம் மேடையில் புளி கரைக்கிறோம், எலுமிச்சை பிழிகிறோம், மஞ்சள் சிந்துகிறோம், அடுப்பிலிருந்து இறக்கிய குழம்புச் சட்டியை அப்படியே வைக்கிறோம், கிரைண்டரை ஓட விடுகிறோம். வெளிநாட்டுப் படங்களில் காபிக் கோப்பையும் பூச்சாடியுமாக இருக்கும் வெள்ளை மேடைக்கு இந்தப் பாடு எதுவும் கிடையாது. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல் வாங்குகிறவர்கள்தான் ஐந்தாறு ஆண்டில் மேடையை உடைக்கிறார்கள்.

கடப்பா கல் ஆந்திராவின் கடப்பா பகுதியிலிருந்து வருகிற கருப்புச் சுண்ணாம்புக்கல். இயற்கையிலேயே அடுக்கடுக்காக இருப்பதால் உளி வைத்தே பலகையாகப் பிளக்கலாம். கிரானைட் பாறையைப் போல மணிக்கணக்கில் இயந்திரத்தில் அறுக்க வேண்டியதில்லை. அதனால் செலவாகும் மின்சாரமும் கிளம்பும் தூளும் குறைவு, விலையும் குறைவு. பலவீனமும் அந்தச் சுண்ணாம்பில்தான் இருக்கிறது. புளியோ எலுமிச்சையோ பட்டுக் காய்ந்தால் அந்த இடம் வெளுக்கும். கழிவறைக்கு ஊற்றும் அமிலம் பட்டால் கல் அரித்தே போகும். அப்பத்தா வெள்ளிக்கிழமைதோறும் கல்லைத் துடைத்து, துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பார். நாற்பது ஆண்டுத் தழும்புகள் அந்தக் கல்லில் இருந்தன. எண்ணெய் ஏறிய கருமையில் அவை கண்ணை உறுத்தவில்லை. தழும்பைச் சகித்துக்கொள்ளும் மனம் இருந்தால் கடப்பாவை மேடைக்கே போடலாம். இல்லையென்றால் அலமாரித் தட்டுகளுக்கும், மேடையைத் தாங்கும் நிற்பலகைகளுக்கும், பின்கட்டுக்கும் இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. கறையான் தொடாது, தண்ணீரில் ஊறாது. வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல கல். பொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது. பக்கவாட்டு விளிம்பையும் பார்த்துவிடுங்கள். மேடைக்கு ஒரு அங்குலத்துக்குக் குறைந்த கனம் வேண்டாம்.

கிரானைட் நம் சமையலுக்கு எல்லா விதத்திலும் ஈடு கொடுக்கிற கல். சூடு, புளி, கத்தி எதுவும் அதை அசைப்பதில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, விழுப்புரம் என்று நம் மாவட்டங்களிலேயே வெட்டப்படுகிறது. பலர் ‘இத்தாலி’, ‘பிரேசில்’ என்ற பெயர்களைத் தேடிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பெயரை நம்பாதீர்கள். காஷ்மீர் ஒயிட் என்று விற்கப்படும் கல் காஷ்மீரைக் கண்டதே இல்லை. அது எங்கள் மேலூர்ப் பக்கத்துக் கல். வெளிர் நிறத்தில் சிவப்புப் புள்ளிகளோடு மிக அழகாக இருக்கும். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சும். தொட்டியைச் சுற்றி இரண்டே ஆண்டில் பழுப்புக் கறை ஏறிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வரவேற்பறைச் சுவருக்குப் போடலாம், சமையல் மேடைக்கு வேண்டாம்.

என் முதல் தேர்வு அடர்த்தியான கருப்புக் கல். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கருப்பு போன்றவை. வியாபாரத்தில் கிரானைட் என்று சொன்னாலும் பாறையியலில் இந்தக் கருங்கற்கள் பெரும்பாலும் டோலரைட் வகையைச் சேர்ந்தவை. தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. இன்னொரு காரணம் எனக்கு முக்கியமானது. தூளாகி நுரையீரலைக் கெடுக்கும் படிகச் சிலிக்கா, வெளிர் நிறக் கிரானைட்டைவிட இவற்றில் மிகவும் குறைவு, அதனால் அறுக்கிறவருக்கும் கேடு குறைவு.

கருப்புக் கல்லில் ஒரு ஏமாற்று உண்டு. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கருப்பாக விற்பார்கள். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்துக் கல்லின் மூலையில் அழுத்தித் தேயுங்கள். துணி கருத்தால் அது சாயம். அடுத்து, கல்லின் மேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் இருண்டு தெரிந்தால் கல் உறிஞ்சுகிறது. ஒரு சிறு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து புளியும் மஞ்சளும் தடவி ஒரு இரவு விட்டுப் பார்ப்பது எல்லாவற்றிலும் நம்பகமான சோதனை. துண்டு தர மறுக்கிற கடையில் நான் கல் எடுப்பதில்லை. பலகையின் முதுகையும் திருப்பிப் பாருங்கள். வலை ஒட்டியிருந்தால் அது உடைந்துபோகாமல் பிடித்து வைக்கப்பட்ட கல்லாக இருக்கலாம். ஒருமுறை பதிக்கலாம், ஆனால் கழற்றி மறுமுறை வைக்கும் தெம்பு அதற்கு இருக்குமா என்பது சந்தேகம்.

கல் எங்கிருந்து வெட்டப்பட்டது என்று கேட்பதை நான் விடுவதில்லை. மேலூர்ச் சாலையில் போகும்போது, நான் சிறுமியாக இருந்தபோது முழுதாக நின்ற குன்றுகள் சதுரம் சதுரமாகச் சீவப்பட்டு நிற்பதைப் பார்க்கிறேன். அடிவாரத்தில் விற்க முடியாத கல் மலையாகக் குவிந்து கிடக்கிறது. வெட்டியதில் பலகையாகிக் கடைக்கு வருவது சிறு பங்குதான். 2012-இல் எங்கள் மாவட்டத்துக் கிரானைட் முறைகேடு நாடு முழுவதும் பேசப்பட்டது. அதே மேலூர் வட்டத்தில் இருக்கும் அரிட்டாபட்டியிலும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேர் நிலத்தை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சமணப் படுக்கைகளும் தமிழி (தமிழ்ப் பிராமி) கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உள்ள குன்றுகள் அவை. ஒரு குன்று இப்படியும் நிற்கலாம், அப்படியும் போகலாம் என்பதைப் பக்கத்துப் பக்கத்திலேயே பார்த்து வளர்ந்தவள் நான். வீட்டுக்கு 24 சதுர அடி வாங்குகிறவர் பில் கேட்டு வாங்கினால் போதும். ஓட்டல், அடுக்குமாடி என்று மொத்தமாக எடுக்கிறவர்கள், குவாரி எது, கல்லைக் கொண்டுசெல்ல அரசு தரும் நடைச்சீட்டு உண்டா என்று கேட்க வேண்டும். மொத்தமாக வாங்குகிறவருக்கு மட்டுமே அந்தப் பதில் கிடைக்கும்.

இனி குவார்ட்ஸ். ஆறேழு ஆண்டுகளாக அதிகம் கேட்கப்படும் பொருள் இதுதான். கடையில் பலரும் இதை இயற்கைக் கல் என்று நினைத்து வாங்குகிறார்கள். இது தொழிற்சாலையில் செய்யும் பலகை. எடையில் பத்தில் ஒன்பது பங்கு குவார்ட்ஸ் கல் தூள், மீதி அதை ஒட்டி வைக்கும் பாலியெஸ்டர் பிசினும் நிறமும். கறை எளிதில் ஏறாது, ஒரே சீரான வெள்ளை கிடைக்கும். ஆனால் பிசின் சூட்டைத் தாங்காது. ஏறக்குறைய 150 டிகிரிக்கு மேல் போனால் நிறம் மாறும், சில சமயம் விரிசலும் விடும். நம் தோசைக்கல் அதைவிடச் சூடாகத்தான் அடுப்பிலிருந்து இறங்குகிறது. வெயில் படும் இடத்தில் போட்டால் மஞ்சள் பாரிக்கும். உடைந்தால் கல்லோடும் சேராது, பிளாஸ்டிக்கோடும் சேராது. பழைய எவர்சில்வரை எடைக்குப் போட்டால் காசு வரும். குவார்ட்ஸ் பலகையை எடைக்கு எடுக்க ஆளே இல்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய தடை, தூசி. கிரானைட்டில் படிகச் சிலிக்கா பொதுவாக 25 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். வழக்கமான குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதத்துக்கு மேல். அதைத் தண்ணீரில்லாமல் அறுக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். அதனால் வருவது சிலிக்கோசிஸ். அதைக் குணமாக்க மருந்து இல்லை. இந்தப் பலகைகளை அறுத்த இளைஞர்கள் தொடர்ந்து நோயாளிகளானதைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவற்றைத் தயாரிக்கவும் விற்கவும் பதிக்கவும் தடை விதித்தது. அப்படித் தடை போட்ட முதல் நாடு அது.

என் பெரிய மாமா கல் அறுக்கும் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவர். ஐம்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவார். முதலில் காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். ஒருமுறை முழுதாக முடித்து, மறுபடியும் தொடங்கி, அதற்குப் பிறகுதான் எக்ஸ்ரேயைப் பார்த்த ஒரு மருத்துவர், “என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. மாமா அறுத்தது வெறும் கிரானைட். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சிலிக்கா இருக்கிற பலகையை, முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இருபது வயதுப் பையன்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அறுப்பதைப் பார்த்தால் எனக்கு அங்கே நிற்க முடிவதில்லை.

அதனால் எந்தக் கல்லாக இருந்தாலும் என் வேலைகளில் ஒரு நிபந்தனை உண்டு. எல்லா அறுப்பும் பட்டறையிலேயே, பிளேடின் மேல் தண்ணீர் ஓட ஓட முடிந்துவிட வேண்டும். தொட்டித் துளை, அடுப்புத் துளை, குழாய்த் துளை, விளிம்பு உருட்டுவது எல்லாமே. வீட்டுக்கு வந்த பிறகு கட்டிங் மெஷின் எடுக்கக் கூடாது. இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, மேடையின் அச்சை அட்டையிலோ மெல்லிய பிளைவுட்டிலோ முழு அளவில் வெட்டி அனுப்புவது. சுவர் மூலை நேராக இருக்கும் என்று நம்பி வெறும் அளவை எழுதிக் கொடுத்தால் கல் பொருந்தாது. பிறகு வாசலில் தூசி பறக்கத்தான் செய்யும். தொட்டியையும் அடுப்பையும் முன்பே வாங்கி, அவற்றையே பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். இந்த வகையில் ஒரு மேடைக்கு இரண்டு நாள் கூடுதலாக ஆகும். பட்டறையில் நுழைந்ததும் தரையைப் பாருங்கள். ஈரமும் சேறுமாக இருந்தால் அங்கே தண்ணீர் வைத்து அறுக்கிறார்கள். வெள்ளைப் பொடி படிந்து கிடந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

திருநகரில் ஒரு ஆசிரியை வீடு. வெள்ளை குவார்ட்ஸ்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தார். மேலே சொன்னவற்றைச் சொன்னேன், சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சமையலறை இருட்டாகிவிடுமே அம்மா, அதற்குத்தான் வெள்ளை கேட்டேன்” என்றார். வெளிச்சம்தான் தேவை என்றால் அது மேடையிலிருந்து வர வேண்டியதில்லை. மேடைக்குப் பளபளப்பில்லாத, தோல்போன்ற சொரசொரப்புள்ள கருப்புக் கல், அதற்குமேல் சுவரில் ஜன்னல் உயரம் வரை சாதாரண வெள்ளை டைல், ஜன்னலை ஒன்றரை அடி அகலப்படுத்தினோம். குவார்ட்ஸுக்கு ஆகியிருக்கும் பணத்தில் ஜன்னல் வேலையும் முடிந்தது.

கடைகளுக்கும் மெஸ்ஸுக்கும் கணக்கு வேறு. அங்கே ஒரு நாளில் விழும் அடி வீட்டில் ஒரு மாதத்தில் விழாது. சமையல் பகுதிக்கு எவர்சில்வர் தகடுதான் சரி. துருப்பிடிக்காத உருக்கை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம். கழித்துக்கட்டினாலும் எடைக்குப் போகுமே தவிர குப்பைக்குப் போகாது. ஆனால் தரத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஒரு மெஸ்ஸில் விலை குறைவு என்று போட்ட மேடை, உப்புத் தண்ணீர் நிற்கும் ஓரங்களில் இரண்டே ஆண்டில் செம்புள்ளியாகத் துரு கண்டது. அது 202 ரகம். அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். வேண்டியது 304 ரகம், அதாவது 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளது. காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று சொல்வார்கள். போதாது, இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. தகடு விற்கிறவர்களிடம் ஒரு சோதனைத் திரவம் இருக்கும். ஒரு துளி விட்டால் 202-இல் நிறம் மாறும், 304-இல் மாறாது. உங்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இராமேஸ்வரம், தூத்துக்குடி போலக் கடற்காற்று அடிக்கும் ஊர்களில் 304-கூடப் பழுப்புப் படியும். அங்கே மாலிப்டினம் சேர்த்த 316-க்குச் செலவு செய்வது வீண்போகாது.

தகட்டுக்கு 1.2 மி.மீ. கனம் வீட்டுக்குப் போதும், மெஸ்ஸுக்கு 1.5 மி.மீ. இருக்கட்டும். அடியில் பிளைவுட் வைத்து ஒட்டுவதை அனுமதிக்காதீர்கள். அதில் ஈரம் இறங்கினால் பலகை அழுகி, நாற்றமெடுத்து, கரப்பான் குடியேறும். ஆங்கிள் சட்டமும் குறுக்குப் பட்டையும் கொடுத்து போல்ட் போட்டு நிறுத்துங்கள். கடை இடம் மாறினால் மேடையும் கூடவே வரும். வாடகைக் கடைக்காரர்களுக்கு நான் வேறு எதையும் சிபாரிசு செய்வதில்லை.

பில் போடும் மேடை, துணிக்கடை மேசை, மருந்துக்கடை முன்பலகை போன்ற உலர்ந்த இடங்களுக்கு மரம் அழகு. புது மரம் வெட்ட வேண்டாம். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இடித்த வீடுகளின் பர்மா தேக்கு உத்திரங்களும் நிலைச் சட்டங்களும் கிடைக்கின்றன. ஆணிகளை முழுதாகப் பிடுங்கிவிட்டு, ஒன்றரை அங்குலப் பட்டைகளாக அறுத்து ஒட்டினால் மேடைப் பலகையாகிவிடும். நெகிழிப் பூச்சுக்குப் பதில் ஆளி விதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி எண்ணெய் விடலாம். எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், ஆளி விதை எண்ணெய்த் துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போட்ட பிறகே எறிய வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லை மேடைக்குப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சூளையில் சுடாமல், கண்ணாடியின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்திச் செய்யும் சிமெண்ட் கல் அது. சுடுவதற்கு எரிபொருளே தேவையில்லை என்பதால் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் சிமெண்ட் மேற்பரப்பு புளியையும் மஞ்சளையும் தாங்காது. மேடையின் முன்முகப்புக்கும் சுவருக்கும் தரைக்கும் போடுங்கள். மொசைக் மேடைக்கும் இதே குறை உண்டு. மார்பிள் வேண்டாம். குஜராத்தின் மோர்பியில் 1200 டிகிரியில் சுட்டெடுக்கும் பெரிய பீங்கான் பலகைகள் கறையும் சூடும் தாங்குகின்றன. மூலையில் சில்லு போனால் சரிசெய்ய வழியில்லை, முழுதாகக் கழற்றி வந்ததையும் நான் பார்த்ததில்லை.

பொருளை முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், அதற்குச் சமமான கவனம் அடித்தாங்கலுக்கு வேண்டும். கான்கிரீட் பலகை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 12 அடி நீளம், 2 அடி அகலம், 3 அங்குலக் கனத்தில் வார்த்தால் 6 கன அடி. ஏறக்குறைய ஒன்றரை மூட்டை சிமெண்ட், 400 கிலோ எடை. அதன்மேல் வைக்கப் போகும் 20 மி.மீ. கிரானைட்டோ சதுர அடிக்கு 5 கிலோ வீதம் மொத்தமே 120 கிலோதான். 120 கிலோவைத் தாங்க 400 கிலோவை வார்க்கிறோம். அதற்குப் பதில் இரண்டிரண்டு அடி இடைவெளியில் கடப்பா நிற்பலகைகளை நிறுத்துங்கள், அல்லது இரும்பு ஆங்கிள் சட்டம் போடுங்கள். கல்லைச் சட்டத்தின் மேல் வைத்து, அங்கங்கே ரூபாய் நாணய அளவுக்கு சிலிக்கோன் பசை வைத்தால் போதும். சுவரோரத்திலும் சிமெண்ட் பூசாமல் சிலிக்கோனால் அடையுங்கள். கத்தியால் அறுத்தால் விட்டுவிடும். தாங்கல் இல்லாமல் முன்னால் நீட்டுவது ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கிரைண்டர் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒரு நிற்பலகை கட்டாயம் வேண்டும், அதன் அதிர்வு லேசானதல்ல.

விளிம்புக்கு இன்னொரு பட்டையை ஒட்டிக் கனமாகக் காட்டும் வழக்கம் இருக்கிறது. அந்த ஒட்டு சில ஆண்டுகளில் விட்டுப்போகும், கழற்றும்போது முதலில் உடைவதும் அதுதான். ஒற்றைக் கல்லை அரை வட்டமாக உருட்டினால் போதும். அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே ஒரு காடி (நீளவாக்கில் மெல்லிய பள்ளம்) போடச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் உள்ளே ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும், கீழே உள்ள கதவுகள் பிழைக்கும்.

உயரத்தை அடுக்களையில் நிற்கப் போகிறவரை நிற்க வைத்து அளந்து முடிவு செய்யுங்கள். முழங்கையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை வர வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது பெரும்பாலும் 31, 32 அங்குலத்தில் நிற்கிறது. தயாராக வரும் பெட்டிகள் 34-இல் இருக்கின்றன. என்னிடம் உடைக்கச் சொன்ன மேடைகளில் பாதி, கல் பழுதானதால் உடைக்கப்பட்டவை அல்ல. நின்று சமைத்தவருக்குத் தோள் வலித்ததால் உடைக்கப்பட்டவை.

பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பாத்திரம் துலக்கும் சோப்பும் ஈரத்துணியும். அமிலம் எந்த மேடைக்கும் ஆகாது.

கல்லை வைப்பதற்கு முன் அதைத் திருப்பிப் போட்டு, முதுகில் கருப்பு மார்க்கரால் எழுதி வைக்கிறேன். எந்த ஊர்க் கல், எந்த ஆண்டு, நீளம் அகலம் எவ்வளவு, எந்தெந்த இடத்தில் பசை வைத்திருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து நெம்ப வேண்டும். வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே எழுதச் சொல்வேன். திருநகர் ஆசிரியை வீட்டுக் கல்லின் முதுகில் அவருடைய பேத்தி எழுதிய எழுத்து இருக்கிறது, தொட்டியிலிருந்து இரண்டாவது நிற்பலகைக்குச் சற்று வலப்புறம்.